வில்வண்டி முதல் கோய்லோவர் வரை: ஸ்போர்ட்ஸ் காருக்குச் சஸ்பென்ஷன் தேர்ந்தெடுத்தல்

மலர்க் குழுவினர் முன்னாள் மாணவர் பகுதிக்குக் கட்டுரை கேட்டபோது, "உங்களுக்குத் தெரிந்த துறையைப் பற்றி எழுதுங்கள் அண்ணா, ஆனால் நல்ல தமிழில் எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த துறை இயந்திரப் பொறியியல். அதிலும் வார இறுதியில் கையெல்லாம் கிரீஸ் ஒட்டும் பகுதிதான் எனக்கு நெருக்கமானது. ஆகவே, வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தம்பி தங்கையர் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியாயிற்று, அதற்கு எந்தச் சஸ்பென்ஷன் போடலாம், எப்படிச் சரிசெய்துகொள்ளலாம்?

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சஸ்பென்ஷனைத் தொங்கலமைப்பு என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அச்சொல்லில் அவ்வளவு நிறைவு இல்லை. கார் எதிலும் தொங்குவதில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் முன்னோர் இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள். கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் என்ன வேறுபாடு? வில்வண்டியில் அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வில் அதை வாங்கிக்கொள்ளும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டமும் ஓரளவு தானாகவே அடங்கும். மாட்டின் வேகத்துக்கு அது போதும். காரின் வேகத்துக்கு அது போதாததால்தான் ஆட்டத்தை அடக்குவதற்கென்றே தனியாக ஒரு கருவி வந்தது. அதைத்தான் நம் நாட்டுப் பட்டறைகளில் அப்சோர்பர் என்கிறோம். இக்கட்டுரையில் சுருள்வில் என்று தமிழிலும், அப்சோர்பர் என்று பட்டறை மொழியிலும் எழுதுகிறேன். பட்டறையில் போய்ச் சுருள்வில் கேட்காதீர்கள். ஸ்பிரிங் என்றே கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். வேகமெடுப்பதும், பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் நடக்கின்றன. டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் சுமை கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் சுமை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்காகாது, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே சுமை கணத்துக்குக் கணம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சராசரிப் பிடிப்பு குறைந்துபோகும். சஸ்பென்ஷனின் முதல் வேலை, சாலை எப்படி இருந்தாலும் டயரின்மேல் உள்ள சுமையை இயன்றவரை ஒரே அளவில் வைத்திருப்பது. காரைத் தாழ்த்துவதும் விறைப்பாக்குவதும் இந்த வேலைக்கு உதவும் அளவுக்கு மட்டுமே நல்லவை.

விறைப்பான கார்தான் வேகமான கார் என்ற எண்ணம் பந்தயக் கார்களைப் பார்த்து வந்தது. 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடத்தின் சுற்றுநீளம் 5.543 கிலோமீட்டர். அதில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அதே காரில் உங்கள் தாமானுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே குழி இல்லை. இங்கே குழியும் உண்டு, மேடும் உண்டு, குழியை அடைத்த இடத்தில் புது மேடும் உண்டு. அதோடு, இறக்கை வைத்த பந்தயக் காரைக் காற்றே கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அதற்கு அத்தனை விறைப்பு தேவை. நம் காருக்கு அந்தத் தேவை இல்லை.

பேச்சு பொதுவாகவே போய்விடாதிருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நான் ஓட்டுவது 1999ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் இந்த வகை முதன்முதலில் வந்தபோது, 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலானின் மறுபிறவி என்றே பலரும் அதைப் பேசினார்கள். இரண்டு இருக்கை, முன்னால் இயந்திரம், பின் சக்கர இயக்கம், சுமார் 1,000 கிலோ எடை, 2,265 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி. நான்கு மூலைகளிலும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. சுருள்வில்லும் அப்சோர்பரும் ஒரே தண்டாகக் கீழ்க் கையில் ஊன்றி நிற்கும். உங்கள் கார் வேறாக இருந்தாலும் கணக்கு இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

எதையும் வாங்குவதற்கு முன் காருக்கு அடியில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இருபது ஆண்டு வெயில் கண்ட காரில் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். அவை தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் சக்கரத்தின் கோணம் தன் விருப்பத்துக்கு மாறும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த அப்சோர்பர் போட்டாலும் பயனில்லை. பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். டயர் செய்த ஆண்டைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. புஷ், டயர், நல்ல அப்சோர்பர் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால், எந்த வரிசையில் எழுதியிருக்கிறேனோ அந்த வரிசையிலேயே செலவு செய்யுங்கள்.

அடுத்தது சுருள்வில். நம் ஊர்க் கடைகளில் '6 கிலோ ஸ்பிரிங்', '10 கிலோ ஸ்பிரிங்' என்பார்கள். 6 கிலோ என்றால், அதை 1 மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ எடை வேண்டும் என்று பொருள். ஆனால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. விஷ்போன் அமைப்பில் சுருள்வில் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, உள்ளே தள்ளி நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது வில் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 0.7. நெம்புகோல் கணக்கில் இது விசையையும் ஒருமுறை குறைக்கிறது, நகர்வையும் ஒருமுறை குறைக்கிறது. ஆகவே சக்கரம் உணரும் விறைப்பைக் காண 0.7ஐ இருமுறை பெருக்க வேண்டும்: 0.49. அதாவது 6 கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் ஏறக்குறைய 3 கிலோதான். இதே ஸ்பிரிங்கை மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரின் முன்பக்கத்தில் போட்டால், அங்கே விகிதம் 1ஐ நெருங்கி இருப்பதால், கார் கட்டைவண்டிபோல் ஆகிவிடும். "நண்பன் 8 கிலோ போட்டான், நானும் போட்டேன்" என்பது எவ்வளவு ஆபத்தான ஒப்பீடு என்று இப்போது புரியும்.

இரண்டு கார்களை ஒப்பிட வேண்டுமானால் அதிர்வெண்ணைக் கொண்டு ஒப்பிட வேண்டும். சக்கர விறைப்பை அந்த மூலை தாங்கும் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் வகுத்தால், அந்த மூலை நொடிக்கு எத்தனை முறை ஆட விரும்புகிறது என்பது கிடைக்கும். இந்தக் காரில் ஓட்டுநரையும் சேர்த்து, சக்கரத்தின் எடையை நீக்கிவிட்டால், ஒரு மூலைக்குச் சுமார் 230 கிலோ. 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.45 ஹெர்ட்ஸ், 6 கிலோவுக்கு 1.78, 10 கிலோவுக்கு 2.3. பொதுவாகக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். சாலையிலும் ஓட்ட வேண்டும், மாதம் ஒருமுறை தடத்திலும் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு 1.6 முதல் 2 வரை நல்லது. 2.3 என்பது இறக்கையில்லாத தடக் காருக்குரிய எண். அதில் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போய்வந்தால் முதுகு உங்களைச் சும்மா விடாது.

முன்னும் பின்னும் ஒரே அதிர்வெண் வைக்கலாமா? 1930களில் அமெரிக்காவில் காடிலாக்கில் பணியாற்றிய மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் இதற்கு விடை கண்டார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் எம்எக்ஸ்-5இன் பின் சக்கரம் 0.09 நொடி கழித்து அதே மேட்டைத் தொடும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால், தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தைப் பிடித்துவிடும்; கார் குதிரைபோல் முன்னும் பின்னும் குனிந்து நிமிராமல் மட்டமாக ஏறி இறங்கும். ஆகவே சாலைக் காருக்குப் பின் அதிர்வெண் சுமார் பத்து விழுக்காடு கூடுதலாக இருப்பது நலம். சிறிய காரில் ஓட்டுநர் ஏறக்குறைய பின் அச்சின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் இதை நன்றாகவே உணரலாம்.

இனி, இக்கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன்: பயணம். சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதையே பயணம் என்கிறேன். அந்த இடம் முடிந்ததும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டை இடிபடும். கட்டை இடிபட்ட கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு கூடிவிடும்.

நம் கழகத்தில் எனக்கு மூன்றாண்டு இளையவர் ஒருவர், இதே வகைக் காரை வைத்திருந்தார். தொழிற்சாலை அப்சோர்பரை அப்படியே வைத்துக்கொண்டு, காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மழை இரவில் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலை வளைவில் போயிருக்கிறார். வேகம் அளவுக்கு மீறியதன்று. வளைவின் நடுவில் பாலத்தின் இணைப்பு ஒன்று. அதைத் தாண்டியதும் பின்பக்கம் சட்டென்று விலகி, கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவசரத் தடத்தில் நின்றது. பின்னால் லாரி வராததால் இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். "டயர்தான் சரியில்லை போலிருக்கிறது அண்ணா" என்றார். டயர் புதியது.

காரைத் தூக்கி, பின் அப்சோர்பரின் பூட்டை கழற்றி அளந்தோம். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் தண்டுக்கும் கட்டைக்கும் இடையே 9 மில்லிமீட்டர். 0.7ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு வெறும் 13 மில்லிமீட்டர். வளைவில் கார் சாயும்போதே வெளிப்பக்கப் பின் சக்கரம் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. பாலத்தின் இணைப்பு வந்தபோது வாங்கிக்கொள்ள அங்கே வில்லே இல்லை, ரப்பர்தான் இருந்தது. சுமை ஒரே கணத்தில் எகிறியது, ஈரச் சாலையில் பிடிப்பு அறுந்தது. காய்ந்த சாலையில் அந்தக் கார் பல மாதம் சொன்னபடி கேட்டிருக்கிறது. அதுதான் இதில் அச்சமூட்டும் செய்தி.

ஆகவே உங்கள் காரில் இப்போதே ஒரு சோதனை செய்யுங்கள். அப்சோர்பர் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே உடலோடு ஒட்டித் தள்ளிவையுங்கள். வழக்கமாகப் போகும் வழியில் ஒரு வாரம் ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அதுவே நீங்கள் பயன்படுத்திய பயணம். தினமும் அது கட்டையை முட்டிக்கொண்டு நின்றால் காரை உயர்த்துங்கள், அல்லது குட்டையான அப்சோர்பர் வாங்குங்கள். பில்ஸ்டீன் நிறுவனம் தொழிற்சாலை உயரத்துக்கு பி6, தாழ்த்திய காருக்குக் குட்டையான பி8 என்று இரண்டு வகையாகச் செய்வது இதற்காகத்தான். கோய்லோவர் வாங்குவோர், உயரத்தை எப்படி மாற்றுவது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகும் வகையில் காரைத் தாழ்த்தினால் பயணமும் குறையும். கீழ்க் கிண்ணத்தைத் திருகும் வகையில் உயரம் மட்டும் மாறும், அப்சோர்பரின் பயணம் அப்படியே இருக்கும். ஆனால் சக்கரம் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கினால் அது விறைப்பாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சீரான சுருள்வில்லுக்கு அது உண்மையன்று. 6 கிலோ, 6 கிலோதான்.

தாழ்த்துவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காரின் எடை மையம் 30 மில்லிமீட்டர் இறங்கினால், கைகளின் கோணம் மாறுவதால், கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் அதைவிட அதிகமாக இறங்கிவிடக்கூடும். ஸ்ட்ரட் வகைக் கார்களில் இது நன்றாகவே தெரியும். அப்போது தாழ்த்திய கார், தாழ்த்தாத காரைவிட அதிகமாகச் சாய விரும்பும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வாங்க வேண்டிவரும். நான் தொழிற்சாலை உயரத்திலிருந்து 20 மில்லிமீட்டருக்குமேல் இறக்குவதில்லை.

அப்சோர்பருக்கு வருவோம். ஸ்பிரிங் எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்சோர்பர் எவ்வளவு விரைவில் என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை இரு மடங்கு விறைப்பாக்கிவிட்டு அப்சோர்பரை மாற்றாமல் விட்டால், ஆட்டத்தை அடக்கும் திறன், தேவையோடு ஒப்பிடுகையில், சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடும். கார் விறைப்பாகவும் இருக்கும், துள்ளவும் செய்யும். இரண்டு கெடுதலும் ஒன்றாகச் சேரும். அதனால் ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் ஒருவருக்கொருவர் பொருந்துமா என்று பார்த்தே சேர்த்துவைக்க வேண்டும். விற்பவரிடம் அந்த அப்சோர்பரின் விசை–வேக வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வரைபடம் தர முடியாதவர் '32 கிளிக்' என்று பெருமையாகச் சொன்னால் மயங்காதீர்கள். மலிவான சிலவற்றில் முதல் இருபது கிளிக்கும் ஒன்றுபோலவே இருக்கும், கடைசி நான்கில் எல்லாம் இறுகும். கோனியின் மஞ்சள் நிற அப்சோர்பரில் மீளும் விசையை மட்டுமே மாற்றலாம், அதற்கும் கிளிக் கிடையாது. இருந்தும் அதைக்கொண்டு ஒரு காரை மிக நன்றாகச் சரிசெய்துவிடலாம்.

இந்த இடத்தில் லோட்டஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மென்மையான ஸ்பிரிங், தாராளமான பயணம், நன்கு தேர்ந்த அப்சோர்பர் என்பது அவர்களின் பழைய வழி. 1996இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கியபின் அந்த அறிவு நம் நாட்டுக் கார்களுக்கும் வந்தது. 2017இல் லோட்டஸ் சீனாவின் கீலியிடம் போய்விட்டது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பழைய சத்ரியா ஜிடிஐ ஒன்றைக் கரடுமுரடான கம்பத்துச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் எழுதியதை அது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

பொருத்தியாயிற்று, இனிச் சரிசெய்ய வேண்டும். நான் முதலில் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து ஒரே அளவில் வைப்பேன். பிறகு எல்லா அப்சோர்பர்களையும் மிக மென்மையான நிலைக்குக் கொண்டுவருவேன். இருபது நிமிடத்தில் முடியும் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, மேடு, வளைவு, சிற்றலைபோன்ற பரப்பு மூன்றும் அதில் இருக்குமாறு பார்த்துக்கொள்வேன். சட்ட வேகத்திலேயே இதற்கு வேண்டிய அனைத்தும் தெரியும். உலு யாம் சாலையில் யாரையும் முந்திக் காட்ட வேண்டியதில்லை. மேட்டுக்குப் பின் கார் ஒன்றரை முறைக்குமேல் ஆடினால் இரண்டு கிளிக் கூட்டுவேன். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் கூட்டினால் வேறு நோய் வரும்: அடுத்தடுத்து மேடுகள் வரும்போது வில் மீள நேரமில்லாமல் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் கட்டையில் போய் உட்கார்ந்துவிடும். ஓட்டுபவருக்கு அது ஸ்பிரிங் விறைப்புபோலத் தோன்றும். உண்மையில் அப்சோர்பர் அதிகமாக இறுகியதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள், அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நம் இருக்கை உணர்வை அதிகமாக நம்பக்கூடாது. என் தம்பி எனக்குச் சொல்லாமல் கிளிக்கை மாற்றி வைப்பான். நான் ஓட்டிவிட்டு வந்து எந்த நிலை என்று சொல்ல வேண்டும். நான்கு கிளிக் மாற்றினால் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன். ஒரு கிளிக் மாற்றத்தைச் சொல்வது நாணயம் சுண்டுவதுபோலத்தான். அவன் மாற்றாமலேயே "மாற்றிவிட்டேன்" என்ற நாளில் நான் ஒரு பத்தி குறிப்பு எழுதியிருந்தேன். அதை இன்னும் வைத்துச் சிரிக்கிறான்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறதா, பின்பக்கம் வெளியே வருகிறதா என்பதை ஆன்டி ரோல் பாரைக்கொண்டு மாற்றலாம். எந்தப் பக்கம் விறைப்பைக் கூட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் முதலில் பிடிப்பை இழக்கும். மழை நாட்டில், பின் சக்கர இயக்கக் காரில், முன்பக்கம் சற்றே தள்ளுவதை நான் குறையாகக் கருதுவதில்லை.

கடைசியாக அலைன்மென்ட். இந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் கேம்பர், டோ இரண்டையும் தொழிற்சாலைப் போல்ட்டுகளைக்கொண்டே மாற்றலாம். அது பெரிய வரம். நான் வைத்திருப்பது: முன் கேம்பர் கழித்தல் 1.2 பாகை, பின் கழித்தல் 1.5 பாகை, முன் டோ சுழி, பின் டோ சிறிதளவு உள்நோக்கி. பட்டறையில் அளக்கும்போது உங்கள் எடைக்குச் சமமான பொருளை ஓட்டுநர் இருக்கையில் வைக்கச் சொல்லுங்கள். 1,000 கிலோ காரில் 70 கிலோ சிறிய எண்ணன்று. புஷ் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். உயரம் மாறியதால் முன்விளக்கின் ஒளிக்கோட்டையும் சரிபாருங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை ஜேபிஜேயிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். புதுச் சுருள்வில் முதல் சில நூறு கிலோமீட்டரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் படிந்து இறங்கும். ஆகையால் இரண்டு வாரம் கழித்துப் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, உயரத்தை அளந்து, அலைன்மென்ட்டையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.